மலைமகளிர் வேண்டிய மணம்

பெற்றோர் ஒருவனை மணமகனாகக் குறித்து வைக்கின்றனர். பெண்ணின் நெஞ்சமோ வேறொருவன்பால் நிற்கிறது. இடையே தெய்வமோ மந்திரமோ புகுந்து முடிச்சை அவிழ்க்கிறது. இவ்வகைக் கதைகள் இன்று பல மொழிகளிலும் புதினங்களாக வெளிவந்து இளையோர் கைகளில் உலவுகின்றன. இவற்றை மேனாட்டு வரவு என்று மூத்தோர் சிலர் ஒதுக்குவதும் உண்டு. ஆயின் தமிழ் இலக்கிய வரலாற்றை நோக்குவார்க்கு இப்பொருள் புதிதன்று என்பது இனிது விளங்கும். தமிழில் இப்பொருளின் தொன்மையான வடிவங்களுள் ஒன்று நம் மலைநாட்டில், பேரியாற்றங்கரையில் வைத்துப் பாடப்பெற்றது. அதனை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வண்டிப்பெரியாறு என்னும் ஊர்ப்பெயரிலேயே ஆறு உள்ளது. கோட்டயத்திலிருந்து குமுளிக்குச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரில் பேரியாற்றைக் கடக்கிறது. 1895-இல் கட்டி முடிக்கப்பெற்ற முல்லைப்பெரியாறு அணையினின்றும் கீழே இறங்கிவரும் ஆறு இதுவே. பீர்மேட்டு மலைகளில் முதலில் காப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிடப்பெற்ற காலத்தில், கங்காணிமார் வழியே பாண்டிநாட்டுச் சீமைகளிலிருந்து நம் முன்னோர் கணவாய் கடந்து இங்கு வந்து சேர்ந்தனர். 1956-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பெற்றபோது பீர்மேடு கேரளத்தோடு நின்றது. 1972-இல் இடுக்கி மாவட்டம் உருவாயிற்று. எல்லைகள் பலமுறை மாறின. பெண்ணுக்கு மணம் பேசும்போது அவள் சொல்லுக்கு என்ன இடம் என்னும் வினா மட்டும் அவ்வெல்லைகள் அனைத்துக்கும் முற்பட்டதாய், இம்மலையிலேயே நிலைத்து நிற்கிறது.

புகாரில் நிகழ்ந்த மணம்

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1892-இல் அச்சிட்டு வெளிப்படுத்திய சிலப்பதிகாரம் ஒரு திருமணத்தோடு தொடங்குகிறது. மாசாத்துவானும் மாநாய்கனும் புகார் நகரத்துப் பெருவணிகர். மாசாத்துவான் மகன் கோவலனுக்கு வயது பதினாறு; மாநாய்கன் மகள் கண்ணகிக்கு வயது பன்னிரண்டு. பெற்றோர் இருவரும் மணம் காண விழைந்தனர். மகளிரை யானைமேல் ஏற்றி மாநகர்க்கு மணச்செய்தி அறிவித்தனர். முரசு முழங்கிற்று, சங்கு ஒலித்தது, தீவலம் நிகழ்ந்தது. இத்துணைச் சிறப்புகளையும் விரிவாகக் கூறும் இளங்கோவடிகள், மணமக்கள் இருவருள் எவரேனும் கேட்கப்பட்டதாக ஓரிடத்தும் கூறவில்லை.

அடுத்து வரும் மனையறம் படுத்த காதையில் கோவலன் தன் மனைவியின் நலத்தைப் பலபடப் பாராட்டுகிறான். கண்ணகி மறுமொழி கூறினாள் என்பதற்குக் குறிப்பே இல்லை. இம்மௌனம் நெடிது தொடர்கிறது. கணவன் மாதவிபாற் சென்றபோதும், இந்திர விழாவில் ஊரே மகிழ்ந்தபோதும் அவள் பேசக் கேட்டிலோம். ஒன்பதாம் பகுதியாகிய கனாத்திறம் உரைத்த காதையில்தான் அவள் வாய் திறக்கிறாள். தான் கண்ட தீக்கனவைத் தோழி தேவந்தியிடம் கூறுகிறாள். குளத்தில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவன் மீள்வான் எனத் தேவந்தி வழி கூற, அது பெருமை தாராது என ஒரே சொல்லில் மறுக்கிறாள். நெடுநாள் பேசாதிருந்தவளின் மறுப்பு எத்துணை உறுதியானது என்பதனை அங்கேயே அறிந்துகொள்கிறோம்.

மற்றொருபுறம் மாதவியின் நிலை யாது? அரங்கேற்றத்தன்று மன்னன் அளித்த மாலை, ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலைமதிப்பொடு நகர வீதியில் ஒரு கூனியின் கையில் விற்பனைக்கு நிறுத்தப்பட்டது. வாங்குவோன் எவனோ அவனே மாதவிக்கு உரியவன். கோவலன் வாங்கினான். கண்ணகியைப் பெற்றோர் கொடுத்தனர். மாதவியை மாலை விற்றது. இருவர் வாழ்வும் ஒருவனோடு பிணைக்கப்பட்டன, இருவரும் கேட்கப்பட்டாரல்லர். காப்பியத்தின் பிற்பகுதித் துன்பம் அனைத்தும் இவ்விரு தொடக்கங்களினின்றே கிளைக்கின்றது. அடிகள் இதனைக் குற்றமாக எடுத்துரைக்கவில்லை. ஆயினும் இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துக் காட்டினார்.

குன்றக்குரவையின் வேண்டுகோள்

மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து மலையேறினாள். வேங்கை மர நிழலில் நின்ற அவளைக் கண்டு குறவர் குலத்தார் அஞ்சி, நீவிர் யாவிரோ என வினவினர். கணவனை இழந்த கதையை அவள் சில சொற்களில் கூறினாள். பதினான்கு நாள் கழிந்தபின் அவர்கள் கண்ணெதிரே வானவர் வந்து, கோவலனோடு அவளையும் வானூர்தியில் ஏற்றிச் சென்றனர். அரசர் எவரும் அங்கில்லை, புலவரும் இல்லை. அவ்வற்புதத்துக்குச் சான்றாக நின்றோர் மலைவாழ் எளிய மக்களே.

உடனே அவர்கள் செய்தது யாது? இவளே நம் குலத்துக்குத் தெய்வம் எனத் துணிந்தனர். தொண்டகமும் சிறுபறையும் முழக்கினர். மகளிர் கைகோத்துக் குரவை ஆடினர். வஞ்சிக் காண்டத்தின் முதற்பகுதியாகிய குன்றக்குரவை இவ்வாறு தொடங்குகிறது. பத்தினித் தெய்வத்தை வாழ்த்தும் ஆடலில் கற்பின் பெருமையே பாடப்படும் என எதிர்பார்ப்போம். ஆனால் குறமகளிர் பாடியது தாமே தேர்ந்த காதலைப் பற்றியே.

காதலால் மெலிந்த மகளைக் கண்ட தாய், இது முருகனால் வந்த நோய் எனக் கருதி வெறியாடும் வேலனை அழைக்கிறாள். மகளுக்கோ நகைப்பு வருகிறது. மலைநாடன் ஒருவனால் வந்த நோயைத் தீர்க்க வரும் வேலன் அறியாதவன். அவன் அழைப்பை ஏற்று முருகனே வருவானாயின் அவன் வேலனினும் அறியாதவன் என்று அவள் தோழியிடம் கூறுகிறாள். தெய்வத்தையே எள்ளி நகைக்கும் உரிமையை அம்மலைப்பெண் எடுத்துக்கொள்கிறாள். பின்னர் அம்முருகனையே நோக்கி வேண்டவும் செய்கிறாள். குறவர் மகளாகிய வள்ளியின் திருவடியைத் தொழுது மகளிர் கேட்கும் வரம் மிகத் தெளிவானது. அயலார் பேசும் மணம் விலக வேண்டும். தம் நெஞ்சம் தேர்ந்தவனோடு நிகழும் மணமே பலரறிய நடைபெற வேண்டும். பிழையான மணம் நீங்க வேண்டும் என்பதே அது.

இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். கேட்கப்படாமலே மணம் செய்விக்கப்பட்ட ஒருத்தியைத் தெய்வமாக்கிய அந்நாளிலேயே, தமக்கு வேண்டிய மணத்தைத் தாமே கேட்கும் பெண்களின் குரலை இளங்கோவடிகள் அவள் திருமுன் எழுப்புகின்றார். புகார் மாளிகையில் எழாத சொல் மலைமேல் எழுகிறது. அச்சொல்லைக் கூறுவோர் வணிகர் மகளிர் அல்லர். தினைப்புனம் காக்கும் உழைப்பாளர் மகளிர் ஆவர்.

இதன் பின்னும் பெண்ணின் தேர்வே கதையை நடத்துகிறது. மலைவளம் காண வந்து பேரியாற்று மணற்கரையில் தங்கிய சேரன் செங்குட்டுவனிடம் குன்றவாணர் தாம் கண்டதை உரைத்தனர். கணவனோடு உடனே உயிர் நீத்த பாண்டிமாதேவி, சினந்து நம் நாடு அடைந்த கண்ணகி ஆகிய இருவருள் வியக்கத் தக்கவர் யார் என அரசன் தன் தேவியைக் கேட்கிறான். முன்னவள் வானுலகில் சிறப்பெய்துக. நம் நாடு வந்த பத்தினியை நாம் வழிபடுதல் வேண்டும் என்பது அரசியின் விடை. அவ்விடையே இமயத்துக் கல்லுக்கும் வஞ்சிக் கோயிலுக்கும் காரணமாயிற்று. அரசன் கேட்டான், அரசி கூறினாள், கூறியது நிறைவேறிற்று. மாநாய்கன் மனையில் நிகழாதது பேரியாற்றங்கரையில் நிகழ்ந்தது.

கண்ணகி நின்ற குன்றம் எது என்பதில் அறிஞர் பலவாறு கூறுவர். புலவர் சி. கோவிந்தராசனார் 1963-இல் கள ஆய்வு செய்து, தேக்கடிக் காட்டின் உச்சியில் இரு மாநில எல்லையில் உள்ள மங்கலதேவி கோட்டமே அது என நிறுவ முயன்றார். ஆண்டில் ஒருநாள், சித்திரை முழுநிலவன்று, குமுளி வழியாகவும் கூடலூரை அடுத்த பளியங்குடி வழியாகவும் மக்கள் அங்கு ஏறிச் செல்கின்றனர். இடுக்கி மலைகளில் வாழும் மன்னான் பழங்குடியினர் தம் கூத்தில் கோவலன் கண்ணகி கதையையே பாடி ஆடுகின்றனர். குன்றவாணர் கண்டு சொன்ன கதையை இன்றும் குன்றவாணர் சொல்லி வருகின்றனர்.

அறத்தொடு நிற்றல் என்னும் வழி

குறமகளிரின் இத்துணிவு இளங்கோவடிகள் புதிதாகப் படைத்தது அன்று. குறிஞ்சித் திணை மரபிலேயே அது வேர்கொண்டுள்ளது. தலைவி ஒருவனை விரும்பியிருக்க, அதனை அறியாத வேற்றார் அவளை மணம் பேசி வருவதனை நொதுமலர் வரைவு என்பர். அப்போது தலைவி தோழியிடமும், தோழி செவிலியிடமும், செவிலி நற்றாயிடமும், நற்றாய் தந்தை தமையரிடமும் உண்மையை முறைப்படி வெளிப்படுத்துவர். இதுவே அறத்தொடு நிற்றல் எனப்பட்டது. பெயரை நோக்குக. பெண் தன் விருப்பத்தைக் கூறுதல் அடங்காமை எனப்படவில்லை. அறத்தின் பக்கம் நிற்றல் எனப்பட்டது.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு முழுவதும் இத்துறையே. ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்பொருட்டுப் பாடப்பெற்றது என அதன் பழங்குறிப்புக் கூறும். தமிழரின் அகவாழ்வை அயலான் ஒருவனுக்கு விளக்கப் புகுந்த கபிலர், வீட்டாரிடம் பெண்ணின் தேர்வை எடுத்துரைக்கும் தோழியின் சொற்களையே அதற்குத் தகுந்தனவாகக் கொண்டார். நிகழ்ந்ததைத் தம்மவர்க்கு அறிவித்தால் அதனால் பழி உண்டோ எனத் தலைவி அப்பாட்டில் வினவுகிறாள். குடும்பத்தைத் துறந்து ஓடுதல் அவள் முதல் எண்ணம் அன்று; குடும்பம் தன்னைக் கேட்டு அறிதல் வேண்டும் என்பதே அவள் விருப்பம்.

தொல்காப்பியரும் இருபுறமும் நோக்கியே இலக்கணம் வகுத்தார். கொடுத்தற்கு உரியோர் கொடுப்பக் கொள்வது கற்பு என்று கூறியவர், இருவரும் உடன்போகிய காலத்துக் கொடுப்போர் இல்லாமலும் சடங்கு உண்டு என்று அடுத்தே கூறினார். பொய்யும் பிழையும் தோன்றிய பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்பதும் அவர் கூற்று. எனவே தமிழ்மரபில் பெற்றோர் நடத்தும் மணமும் பெண்ணின் தேர்வும் ஒன்றையொன்று அழிக்கும் பகைகளாக இருந்தில. இரண்டையும் இணைக்கும் பாலமாக அறத்தொடு நிற்றல் இருந்தது. கேட்பதற்குச் செவிலி இருந்தாள். சொல்வதற்குத் தோழி இருந்தாள்.

பாலம் இடிந்த காலத்துக் கதைகள்

பிற்காலத்தில் அப்பாலம் தளர்ந்தது என்பதற்குக் கதைகளே சான்று. நளவெண்பாவில் தமயந்திக்குச் சுயம்வரம் நடக்கிறது. நளன் வடிவிலேயே தேவர் நால்வரும் வந்து அமர்கின்றனர். இமைக்கும் கண்ணையும் நிலந்தோயும் அடியையும் வாடும் மாலையையும் கண்டு உண்மை நளனைத் தேர்கிறாள் அவள். தேவரை விடுத்து மனிதனைத் தேரும் அறிவு பெண்ணுக்கு உண்டு என்பதனை அக்கதை ஒப்புக்கொள்கிறது. ஆயினும் அவ்வுரிமை அரசர் மகளுக்கே உரியதாயிற்று.

மக்கள் வாயில் வழங்கிய விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் கூறும் புதிர் ஒன்றுண்டு. ஒரு பெண்ணை மூவர் விரும்பினர். மணத்துக்கு முன் அவள் இறந்தாள். ஒருவன் சுடலைச் சாம்பலிலேயே படுத்துக் கிடந்தான். ஒருவன் எலும்பைக் கங்கையில் இடச் சென்றான். ஒருவன் அலைந்து உயிர்மீட்கும் மந்திரம் பெற்று வந்தான். அவள் உயிர்பெற்று எழுந்தாள். அவள் யாருக்கு மனைவி? உயிர் கொடுத்தவன் தந்தை, எலும்பைக் கங்கையில் இட்டவன் மகன், சாம்பலில் கிடந்தவனே கணவன் என அரசன் விடை கூறினான். விடையின் நுட்பத்தைத் தலைமுறை தலைமுறையாகப் புகழ்ந்தோம். உயிர்பெற்ற பெண் அங்கேயே நிற்கின்றாளே, அவளை ஒரு சொல் கேட்கலாமே என எவர்க்கும் தோன்றவில்லை!

அல்லி அரசாணி மாலையோ இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. ஆணை வேண்டாது மதுரையை ஆண்டவள் அல்லி. அவள் மறுப்பை வெல்ல மாட்டாத அருச்சுனன், கண்ணனின் துணையோடு பாம்பு வடிவில் புகுந்து அவள் உறங்கும்போது தாலி கட்டினான். குன்றக்குரவையில் பெண்ணின் வேண்டுகோளுக்குத் துணையாக அழைக்கப்பட்ட தெய்வ ஆற்றல், இங்கே அவள் மறுப்பை முறியடிக்கும் கருவியாகிவிட்டது. கதை கேட்டோர் சிரித்திருக்கலாம். ஆயினும் விழித்தெழுந்த அல்லியின் சினத்தையும் அம்மாலை மறைக்கவில்லை.

தமிழின் முதற்புதினம் எனப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது. அதனை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முனிசீப்பாகப் பணியாற்றியவர். பெண்கல்விக்காக நூலும் எழுதியவர். அப்புதினத்தின் தலைவி ஞானாம்பாள் உறவினனான பிரதாபனை மணக்கிறாள். பின்னர்க் கணவனைப் பிரிய நேர்ந்தபோது ஆணுடை தரித்து விக்கிரமபுரி என்னும் நாட்டை அடைகிறாள். யானை அவளுக்கு மாலையிட, அந்நாட்டார் அவளை அரசனாகவே ஏற்கின்றனர். அவள் நீதி வழங்குகிறாள், கணவனையும் மீட்கிறாள். பெரியோர் பேசிய உறவுமணமும் அதிசயக் கதையும் இங்கே ஒன்று கலந்தன. பெண்ணின் சொல்லை நாடே கேட்க வேண்டுமாயின் அவள் ஆணுடை தரிக்க வேண்டியிருந்தது என்பதையும் அதே கதை நமக்கு உணர்த்துகிறது.

இக்கதைகளை நிரல்பட நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு இடம் குறையும்போதெல்லாம் கதையில் அற்புதம் மிகுகின்றது. கூடத்தில் கேட்கப்படாத வினாவைக் கதையில் பூதமும் வேதாளமும் யானையும் கேட்கின்றன. இன்றைய இளம்பெண்கள் மாயாசாலக் காதற் புதினங்களை ஆவலோடு படிப்பதன் காரணமும் இதுவேயாகலாம்.

மலையின் இன்றைய மகளிர்

சட்டம் தன் கடமையைச் சிறிது சிறிதாகச் செய்தது. 1929-இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்காக வரையறுத்தது. 1978-இல் அது பதினெட்டாக உயர்த்தப்பெற்றது. பன்னிரண்டு வயதுக் கண்ணகியின் மணம் இன்று நிகழ முடியாது. ஆயினும் வயதைக் கணக்கிடும் சட்டம், பெண்ணின் உள்ளத்தை அறிந்து வந்து பெற்றோரிடம் கூறாது. அப்பணி தோழிக்கும் செவிலிக்கும் உரியது. அஃதாவது நம் குடும்பங்களுக்கு உரியது.

புலம்பெயர்ந்து வாழும் குடும்பத்தில் இப்பணி அருமையாகிறது. சொந்த ஊர் கணவாய்க்கு அப்பால்; உறவினர் அங்கே; பிழைப்பு இங்கே. உறவு அற்றுவிடலாகாது என்னும் அச்சத்தால், ஊரில் உள்ளோர் கூறும் மாப்பிள்ளையை விரைந்து ஏற்கும் மனநிலை பெற்றோர்க்கு இயல்பாக உண்டாகும். அவ்வச்சம் இகழத் தக்கதன்று. அது வேர் பற்றிய அன்பு. ஆயினும் அவ்வேரைக் காக்கும் சுமை முழுவதையும் ஒரு பெண்ணின் தலைமேல் ஏற்றுதல் அறமாகாது.

இம்மலைப்பெண்கள் பேசத் தெரியாதவர்களும் அல்லர். 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண் தொழிலாளர் வேலையை நிறுத்திச் சாலையில் அமர்ந்தனர். குறைக்கப்பட்ட போனசை 20 விழுக்காடாகத் தருக எனக் கேட்டனர். தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கி நிறுத்தித் தாமே பேசினர். அக்கூட்டம் பெம்பிளை ஒருமை எனப் பெயர் பெற்றது, கேட்டதையும் பெற்றது. தினைப்புனம் காத்த குறமகள் தெய்வத்திடம் தன் மணத்தைக் கேட்டாள். கொழுந்து கிள்ளும் பெண் அரசையும் நிறுவனத்தையும் நோக்கித் தன் ஊதியத்தைக் கேட்டாள். நாட்டின் முன் நின்று பேசத் துணிந்தவளின் மகளை, அவள் மணநாளைக் குறிக்கும்போது நாம் கேளாதிருத்தல் முறையோ?

பெற்றோர் மணம் பேசும் வழக்கத்தை ஒழித்துவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. தேர்ந்தவன் தீயவனாதலும் உண்டு. பெரியோர் தேடித் தந்தவன் நற்றுணையாதலும் உண்டு. முதியோரின் அனுபவத்துக்கும் இளையோரின் உள்ளத்துக்கும் நடுவே நம் முன்னோர் ஒரு வழி வைத்திருந்தனர். அவ்வழிக்கு அறம் என்றே பெயர் இட்டனர். அதில் பெண் அஞ்சாது சொல்வாள். தாய் சினவாது கேட்பாள். தந்தை ஆராய்ந்து முடிப்பான்.

சித்திரை முழுநிலவில் மங்கலதேவி மலையேறும் குடும்பங்கள் மகளின் திருமணத்துக்காகவும் வேண்டிக்கொள்வது இயல்பே. அங்கே தெய்வமாய் நிற்பவள் தன் திருமணத்தில் ஒரு சொல்லும் கேட்கப்படாதவள் என்பதையும், அவள் திருமுன் முதன்முதல் ஆடிய பெண்கள் தமக்கு உகந்த மணத்தைத் தாமே வேண்டினர் என்பதையும் நாம் நினைவிற் கொள்வோமாக. மகளுக்காகத் தெய்வத்திடம் கேட்பதற்கு முன்னர், மகளிடம் கேட்போமாக.